உயிர் உரமா, உயிர் போன உரமா?

முன்குறிப்பு: இது மொக்கைப் பதிவு இல்ல, சண்டைப் பதிவு. நீளமும் கொஞ்சம் ஜாஸ்தி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு திருவனந்தபுரத்துல பொட்டி தட்டுறவனுக்கு வயக்காட்டுல என்ன சோலின்னு கேக்குறவங்க பின்னூட்டத்துல வந்து கேளுங்க, பதில் சொல்றேன்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பூதப்பாண்டி பக்கம் சித்தப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் வயல் உண்டு. கன்னிப்பூவுக்கு உரம் வாங்கணும், வண்டிய எடுத்துட்டு வாலே மக்ளேன்னு கூப்பிட்டாரு. போனோம். கடை பேரு வேண்டாம், எந்த ஊருன்னும் வேண்டாம். ஆதார் கார்டு குடுத்து, மிஷின்ல விரலை வெச்சு, அது மூணு தரம் எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சு (நாப்பது வருஷம் மண்வெட்டி பிடிச்ச விரல்ல ரேகை எங்கேருந்து இருக்கும்?), கடைசியா ரெண்டு மூட்டை யூரியா வந்துச்சு. கூடவே கேக்காம நாலு பாக்கெட்டும் வந்துச்சு. கறுப்புத் தூள், 200 கிராம், மேல அசோஸ்பைரில்லம்னு அச்சடிச்சிருக்கு.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"யூரியா வேணும்னா இதையும் எடுக்கணும் தம்பி. எங்களுக்கு அப்படித்தான் தாறானுவோ."

பில்லுல அதுக்கும் காசு. மானிய உரத்தோட வேற சரக்கைக் கட்டாயமா சேத்து விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு திரும்பத் திரும்ப சொல்லிட்டுத்தான் இருக்கு. கடைக்காரர் காதுல அது விழலை போல. பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தேன். காலாவதி தேதி பொங்கலுக்கு முன்னாடியே முடிஞ்சிருந்துச்சு. எடுத்த இடத்தையும் பாத்தேன். தகரக் கூரைக்குக் கீழ ஒரு பரண், பூச்சி மருந்து டப்பாவுக்குப் பக்கத்துல. மே மாசம். அந்தப் பரண்ல என்னைய அரை மணி நேரம் உக்கார வெச்சா நானே காலாவதி ஆயிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா சொன்னாரு: "அந்த சவத்தத் தூக்கி தென்ன மூட்டுல போடு மக்ளே. வெறும் கரி. நானும் பத்து வருசமா பாக்கேன், போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் சித்தப்பா மேல இல்ல. அவர் வாங்கின பாக்கெட்டைப் பொறுத்தவரைக்கும் அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கோபம் எல்லாம் இந்த விஷயத்தைப் பத்தி எழுதுற நம்ம ஆளுங்க மேலதான். ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒண்ணு, "உயிர் உரம்ங்கிறதே டுபாக்கூர், யூரியா இல்லாம ஒரு மணி நெல்லு விளையாது" கோஷ்டி. இன்னொண்ணு, "ஒரு நாட்டு மாடு போதும், சாணத்துல கோடானுகோடி நுண்ணுயிர் இருக்கு, உரக்கடையையே மூடலாம்" கோஷ்டி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல, நடுவுல செத்துப்போன பாக்டீரியாவை வித்துக் காசு பாக்குறவன் நிம்மதியா இருக்கான்.

முதல்ல யூரியா கோஷ்டிக்கு வர்றேன்.

காத்துல 78 சதவீதம் நைட்ரஜன். பயிரால அதை நேரா எடுக்க முடியாது. உரத் தொழிற்சாலையில அதை அமோனியாவா மாத்துறதுக்கு 400, 500 டிகிரி சூடும், சுமார் 200 மடங்கு காற்றழுத்தமும் வேணும். 1913-ல ஜெர்மனியில ஓப்பாவுங்கிற ஊர்ல அந்த ஆலை ஓட ஆரம்பிச்சது. உலகத்துக்குச் சோறு போட்ட கண்டுபிடிப்பு, அதுல சந்தேகமே இல்ல. யூரியாவைத் திட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் திட்டணும்.

ஆனா அதே வேலையை, சாதாரண சூட்டுல, சாதாரண அழுத்தத்துல, சேத்துக்குள்ள உக்காந்து ஒரு பாக்டீரியா செய்யுது. நைட்ரோஜினேஸ்னு ஒரு என்சைம். பயறு வேர் முடிச்சுக்குள்ள இருக்கிற ரைசோபியம் அப்படித்தான் பிழைக்குது. இதை ஜெர்மன்காரங்க 1886-லயே நிரூபிச்சாச்சு. வங்காள நெல்வயல்ல உரம் போடாமலே வருஷா வருஷம் எப்படி விளையுதுன்னு பாத்த பி.கே. டே, அதுக்கு நீலப்பச்சைப் பாசிதான் காரணம்னு 1939-லயே எழுதிட்டாரு. டுபாக்கூர்னு சொல்ற அண்ணன்மார் இவங்களுக்கெல்லாம் முதல்ல மறுப்பு எழுதிட்டு வரட்டும்.

சரி, நம்ம யூரியா என்ன ஆகுது? சித்தப்பா வாங்கின ரெண்டு மூட்டை 90 கிலோ. அதுல நைட்ரஜன் 46 சதவீதம், அதாவது 41 கிலோ சொச்சம். தண்ணி கட்டின நெல்வயல்ல போட்ட யூரியாவுல பயிர் எடுத்துக்கிறது 30, 40 சதவீதம் அளவுதான். மிச்சம் பாதிக்கு மேல அமோனியாவா ஆவியாகியோ, தண்ணியோட இறங்கியோ, நைட்ரஸ் ஆக்சைடாவோ போயிடுது. காசு குடுத்து காத்துக்கே திருப்பிக் குடுக்குறோம். யாருக்கும் வலிக்கலை, ஏன்னா மூட்டை 266 ரூபா 50 காசு, மீதி விலையை அரசாங்கம் கட்டுது. ஆயிரம் ரூபா குடுத்து வாங்கினா கைப்பிடி எண்ணிப் போட்டிருப்போம்.

இப்ப முக்கியமான இடம். நைட்ரோஜினேஸ் ஓடுறதுக்கு பாக்டீரியாவுக்குப் பெரிய செலவு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைஞ்சது 16 ஏடிபி. அதனால பக்கத்துல அமோனியா சும்மா கெடச்சா அது என்சைமையே அணைச்சுப் போட்டுடும். நான் எழுதுற புரோகிராமே இவ்வளவு புத்திசாலித்தனமா இருக்காது. ஆபீஸ்ல சாப்பாடு ஓசியில கெடச்சா ரூம்ல எவன் சமைப்பான்? அதே கதைதான். அடியுரமா யூரியாவை முழுசா கொட்டிட்டு அது மேல அசோஸ்பைரில்லம் தூவினா, பாக்கெட் உயிரோட இருந்தாலும் நைட்ரஜன் விஷயத்துல பெருசா ஒண்ணும் நடக்காது. மணிச்சத்துக்கும் இதே கதை. வேர்ல ஒட்டி வளர்ற மைக்கோரைசா பூஞ்சை, டிஏபி அதிகமா கெடச்ச செடியில சரியா ஒட்டாது.

வேளாண் பல்கலைக்கழகம் இதைத் தெரிஞ்சுதான் அசோஸ்பைரில்லம் போடுறப்ப தழைச்சத்துல கால் பங்கைக் குறைன்னு சொல்லுது. ஆனா ரெண்டையும் சேத்து விக்கிற கடையில, "அண்ணாச்சி, இதை வாங்கினா யூரியாவைக் கொறச்சுப் போடுங்க"ன்னு ஒருத்தராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அவர் எப்படிச் சொல்வாரு?

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். நெல்லுல அசோஸ்பைரில்லம், பயறுல ரைசோபியம் மாதிரி கிடையாது. ரைசோபியத்துக்குச் செடியே வீடு கட்டி (முடிச்சுதான் அந்த வீடு) சோறும் போடுது. அசோஸ்பைரில்லம் திண்ணையில படுத்துக் கெடக்குற விருந்தாளி. அது பிடிச்சுத் தர்ற நைட்ரஜன் கம்மி. அதை விட, அது சுரக்கிற வளர்ச்சி ஊக்கியால வேர் நல்லா கிளைச்சு, போட்ட உரத்தைக் கூடுதலா உறிஞ்சுறதுதான் பெரிய லாபம். அதனால யூரியாவே வேண்டாம்னு நான் சொல்லலை. கால் பங்கு மிச்சம் பிடிச்சாலே நாஞ்சில் நாடு முழுக்க எத்தனை லாரி மூட்டைன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

பாஸ்போபாக்டீரியா விஷயத்துலயும் பாக்கெட்ல இருக்கிற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது சுரக்கிற கரிம அமிலம் சுண்ணாம்போட கட்டிக்கிட்ட மணிச்சத்தை நல்லா கரைக்கும். நம்ம மாவட்டத்துல நிறைய இடம் புளிப்பு செம்மண், செம்புரை மண். இங்க மணிச்சத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கிறது இரும்பும் அலுமினியமும். அது கல்யாணமான ஜோடி மாதிரி, லேசுல பிரியாது. கோயம்புத்தூர் கரிசல்ல நடந்ததை வெச்சு தக்கலைக்காரருக்கு வாக்குறுதி குடுக்கக்கூடாது. வாழை நாத்துக்கும் தென்னங்கன்னுக்கும் மைக்கோரைசா பொருத்தம், தண்ணி நிக்கிற நெல்வயலுக்கு அவ்வளவு இல்ல. எந்த மண்ணுக்கு, எந்தப் பயிருக்குன்னு சொல்லாம எல்லாத்துக்கும் ஒரே பாக்கெட்டைக் குடுக்குறது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை குடுக்குற மருந்துக்கடை வேலை.

இனி ரெண்டாவது கோஷ்டி.

ஜீவாமிர்தம் ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர். உள்ள போறது 10 கிலோ சாணி, 10 லிட்டர் மூத்திரம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, கைப்பிடி மண். எப்படிக் கூட்டினாலும் மொத்த நைட்ரஜன் கால் கிலோ பக்கம்தான் வரும். ஏக்கருக்கு ரெண்டு டன் நெல் எடுத்தா பயிர் உறிஞ்சுறது 30 கிலோவுக்கு மேல. "அது உரம் இல்ல தம்பி, அது நுண்ணுயிர் பெருக்கி"ன்னு சொல்வாங்க. சரி, ஒத்துக்கறேன். எந்த நுண்ணுயிர்? எத்தனை? வெல்லமும் மாவும் போட்டா எது வேகமா தின்னுதோ அதுதான் பெருகும். நைட்ரஜன் பிடிக்கிறது பெருகும்னு எந்தச் சட்டமும் இல்ல. அது பண்ணையில வேலை செய்யலாம், தொழு உரம், பசுந்தாள் எல்லாம் சேத்துப் போடுறவங்களுக்கு நல்ல விளைச்சலும் வரலாம். ஆனா பெயர் டிரம்முக்குப் போகுது, உழைச்சது தக்கைப்பூண்டு. தக்கைப்பூண்டு வேர்ல யாரு இருக்கான்னு பிடுங்கிப் பாருங்க. நம்ம ரைசோபியம்தான்.

ராத்திரியோட ராத்திரியா உரத்தை நிறுத்தினா என்ன ஆகும்னு பக்கத்துல இலங்கையில 2021-ல பாத்தாச்சு. ஏப்ரல் கடைசியில அறிவிப்பு, மே மாசம் இறக்குமதித் தடை, நவம்பர்ல வாபஸ். அதுக்குள்ள அந்த மகா போகமே அடி வாங்கிடுச்சு. சீனாவிலிருந்து கரிம உரம் ஏத்தின கப்பல் ஒண்ணு வந்துச்சு ஞாபகம் இருக்கா? மாதிரியில கெட்ட பாக்டீரியா இருக்குன்னு தாவரத் தொற்றுத் தடுப்புக்காரங்க இறக்கவே விடலை. இயற்கைன்னு பேர் வெச்சா மட்டும் மூட்டைக்குள்ள இருக்கிற உயிர் நல்ல உயிரா ஆயிடாது. எண்ணிப் பாக்கணும், பரிசோதிச்சுப் பாக்கணும்.

எண்ணுறதுன்னதும் ஞாபகம் வருது. இந்தியாவுல உயிர் உரம் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள வந்தது 2006-ல. அதுப்படி அசோஸ்பைரில்லம் மாதிரியான தூள் பாக்கெட்ல கிராமுக்குக் குறைஞ்சது 5 கோடி உயிருள்ள செல் இருக்கணும். திரவம்னா மில்லிக்கு 10 கோடி. அப்ப சித்தப்பா பில்லுல காசு குடுத்தது பாக்கெட்டுக்கு 1000 கோடி செல்லுக்கு. அதுல எத்தனை உயிரோட இருந்துச்சு? வயல் மண்ணுல ஏற்கனவே கிராமுக்குப் பத்து கோடி, நூறு கோடின்னு உள்ளூர்க்காரங்க உக்காந்திருக்காங்க. அவங்களை மீறி புதுசா வந்தவன் வேர்ல இடம் பிடிக்கணும்னா படையோட வரணும். பரண்ல வெந்து நாலு பேர் மட்டும் தப்பிச்சு வந்தா என்ன பண்ணுவாங்க?

வீம்புக்கு நானும் ஒரு சோதனை பண்ணினேன், இது போன வருஷக் கதை. ஒம்பது தொட்டி, உளுந்து. மூணுல எதுவும் கலக்காத விதை. மூணுல ஒரு கடையில வாங்கின காலாவதி ரைசோபியம். மூணுல தேதி பாத்து வாங்கின புது ரைசோபியம், அரிசிக் கஞ்சியில கலந்து நிழல்ல உலர்த்தி விதைச்சது. 35 நாள் கழிச்சுப் பிடுங்கிக் கழுவி, முடிச்சை நகத்தால வெட்டிப் பாத்தேன். உள்ள ரோஸ் கலர்ல இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம், வெள்ளையா இருந்தா தண்டம். முதல் ரெண்டு வகைக்கும் வித்தியாசமே சொல்ல முடியலை, அங்க இங்க சில முடிச்சு (மண்ணுலயே நாட்டு ரைசோபியம் இருக்கும் இல்லையா). மூணாவதுல ஆணிவேரைச் சுத்திக் கொத்துக் கொத்தா, உள்ள ரத்தச் சிவப்பு. வகைக்கு மூணு தொட்டியை வெச்சு இதை ஆராய்ச்சின்னு சொன்னா நாலு பேர் செருப்பால அடிப்பாங்க, தெரியும். ஆனா சித்தப்பா அந்த வேரைக் கையில வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு.

அவர் பாத்ததுதான் விஷயம். நம்ம மாவட்டத்துல இந்த நுண்ணுயிர்ச் சமாச்சாரம் ஒரு இடத்துல ஏற்கனவே ஜெயிச்சிருக்கு. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தோட நார்டெப் பிரிவு, கமலாசனன் பிள்ளை மாதிரி ஆளுங்க முயற்சியில, அசோலாவை மாட்டுத் தீவனமா வளக்கச் சொல்லிக் குடுத்தாங்க. தார்ப்பாய் விரிச்ச ஒரு குழி, கொஞ்சம் மண்ணு, கொஞ்சம் சாணி, தண்ணி. அசோலாவுக்குள்ள இருக்கிறதும் நைட்ரஜன் பிடிக்கிற ஒரு நீலப்பச்சைப் பாசிதான். அதை யாரும் டுபாக்கூர்னு சொல்லலை. ஏன்? கண்ணுக்குத் தெரியுது. நல்லா இருந்தா மூணு நாலு நாள்ல ரெட்டிப்பாகுது, செத்தா பழுப்பாகி நாறுது. ஏமாத்த முடியாது. ரப்பர்காரங்களும் அப்படித்தான். கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் தோட்டத்துக்குள்ள மூடுபயிரா ம்யூகுனாக் கொடியைப் படர விடுறவங்க அறிவியல் கூட்டத்துக்குப் போய் அதைக் கத்துக்கலை, இலை கறுகறுன்னு இருக்கிறதைப் பாத்து விட்டாங்க.

அசோஸ்பைரில்லம் பாக்கெட் செத்தாலும் கறுப்பு, இருந்தாலும் கறுப்பு. விவசாயிக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அவருக்குச் சாட்சி அந்தத் தேதியும், ஆய்வகத்துல எண்ணின எண்ணிக்கையும்தான். தூள் பாக்கெட்டுக்கு ஆயுசு ஆறு மாசம் அளவு, திரவத்துக்கு ஒரு வருஷம் வரைக்கும். அதுவும் வெயில் படாம, குளிர்ச்சியா வெச்சா. பால் பாக்கெட்டை இப்படிப் பரண்ல வெச்சு வித்தா ஊரே சண்டைக்கு வரும். ஐஸ் பெட்டி இல்லாம போலியோ சொட்டு மருந்தைக் கொண்டு போவாங்களா? இதுவும் உயிருள்ள சரக்குதானே. தொழிற்சாலை வாசல்ல எண்ணினா போதாது, கடைப் பரண்லேருந்து மாதிரி எடுத்து எண்ணணும். எண்ணிக்கை கம்மியா இருந்தா யூரியாவுல கலப்படம் பண்ணினவனுக்கு என்ன தண்டனையோ அதையே குடுக்கணும். கடைக்காரர் கோவிச்சுக்குவாரு, கோவிச்சுக்கட்டும்.

பிரேசில்காரன் இதைத்தான் பிடிச்சான். யோஹன்னா டோபரெய்னர்னு ஒரு அம்மா, ஐரோப்பாவிலிருந்து பிழைக்கப் போனவங்க. அசோஸ்பைரில்லத்தை 1970-கள்ல மறுபடி உலகத்துக்குக் காட்டினவங்க அவங்கதான். அவங்க வழியில வந்த மரியாங்கெலா ஹுங்க்ரியாவுக்கு 2025-ல உலக உணவுப் பரிசு கெடச்சுது. அங்க சோயாவுக்கு நைட்ரஜன் உரம் கிட்டத்தட்ட போடுறதே இல்ல, விதையோட பாக்டீரியாதான் போகுது. சோயா வேற நெல்லு வேறன்னு மேலயே சொல்லிட்டேன், அதைப் பிடிச்சுக்கிட்டு வராதீங்க. அங்க நல்ல ரகத்தைத் தேர்ந்தெடுத்து, அது உயிரோட விவசாயி கைக்குப் போய்ச் சேருதான்னு கண்காணிச்சாங்க. நம்மகிட்ட இதுக்கெல்லாம் ஆள் இல்லையா? திருப்பதிசாரத்துல நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டிபிஎஸ் ரகமெல்லாம் அங்கேருந்துதான் வந்துச்சு. ஊர்ப்பேரே ரகத்துக்குப் பேரா இருக்கிற மாவட்டத்துல, பாக்கெட்ல உயிர் இருக்கா இல்லையான்னு ஒரு விவசாயி கேட்டா பதில் சொல்லக் கடையில ஆள் இல்ல.

கடைசியா சித்தப்பா விஷயம். ஞாயித்துக்கிழமை முழுக்க சண்டை. வயல்ல பாதியில மட்டும், கால் பங்கு யூரியா கொறச்சுப் பாப்போம், மீதி உங்க இஷ்டம்னு பேசி முடிச்சேன். நாத்து வேரை நனைக்க ஹெக்டேருக்கு அஞ்சு பாக்கெட், 40 லிட்டர் தண்ணியில அரை மணி நேரம். நடவுக்கு முன்னாடி வயல்ல தூவ ஹெக்டேருக்குப் பத்து பாக்கெட், 25 கிலோ தொழு உரமும் 25 கிலோ மண்ணும் கலந்து. நம்ம பாதி வயலுக்கு அதுல பாதி கூட வேண்டாம். பூஞ்சாண மருந்து போட்ட அன்னைக்கே கலக்கக் கூடாது, யூரியாவோட ஒண்ணா கொட்டவும் கூடாது. மண் பரிசோதனைக்கும் மண்ணு அள்ளியாச்சு. வேளாண் விரிவாக்க மையத்துல தேதி பாத்து, தயாரிச்சு ஒரு மாசம் ஆகாத பாக்கெட்டா வாங்கியாச்சு.

"அறுப்புல கொறஞ்சா நீதான் மக்ளே நெல்லு வாங்கித் தரணும்"ன்னாரு. சரின்னுட்டேன். ஜூன் 1-ல பேச்சிப்பாறை திறந்து சானல்ல தண்ணி வரணும், அது வரைக்கும் பாக்கெட் சூடாகாம இருக்கணும். சித்தப்பா கொண்டு போய் ஃப்ரிட்ஜுல மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்துல வெச்சுட்டாரு. சித்தி ரெண்டு நாளா எங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசலை.

பி.கு: அறுப்பு முடிஞ்சதும் ரெண்டு பாதியோட கணக்கையும் இங்கயே போடறேன். கொறஞ்சாலும் போடறேன்.